பப்பாசியில் வெள்ளை பிடித்தால்: ஒரு மாப்பூச்சியின் பெயரும் பிழைப்பும்

"பப்பாசியில வெள்ளை பிடிச்சிட்டுது, என்ன மருந்து அடிக்கிறது?" மாரி ஓய்ந்து பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் யாழ்ப்பாணத்து வளவுகளில் எழும் கேள்வி இது. மருந்தின் பெயரைக் கேட்பதற்கு முன்னால் பூச்சியின் பெயரைக் கேட்கவேண்டும். பப்பாசி மாப்பூச்சியைப் பொறுத்தவரை, பெயரைச் சரியாகப் பிடித்துவிட்டால் பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது.

வெள்ளையாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல. இலையைத் தட்டிப் பாருங்கள். வெள்ளைப் பொடிபோல எழுந்து பறந்து திரும்ப வந்து அமர்ந்தால் அது வெண் ஈ. இதற்கும் நாம் பேசப்போவதற்கும் பரிகாரம் வேறு. தட்டியும் அசையாமல் பஞ்சுபோல ஒட்டிக்கொண்டிருந்தால் அது மாப்பூச்சி. நம் விவசாயக் கையேடுகளின் வழக்கில் வெண்மூட்டுப்பூச்சி. அதிலும் பல இனங்கள் உண்டு. பின்பக்கம் இரண்டு நீண்ட வாலும் முதுகில் இரண்டு கருங்கோடும் உடம்பெங்கும் கண்ணாடி நூல்போன்ற மயிரும் இருந்தால் அது பெரிசியா விர்காட்டா. முதுகின் வெண்மாவுக்கிடையில் கறுப்புத் தீற்றல்கள் சோடி சோடியாகத் தெரிந்தால் பினகொக்கஸ் சொலினொப்சிஸ். செவ்வரத்தைக் குருத்தைச் சுருட்டிக் குறுக்கி, நசித்தால் இளஞ்சிவப்பாகக் கசிவது மக்கோனெலிகொக்கஸ் ஹிர்சுட்டஸ்.

பப்பாசி மாப்பூச்சியை நசித்தால் மஞ்சள் நீர் வரும். வளர்ந்த பெண் ஏறத்தாழ 2.2 மில்லிமீற்றர் நீளமும் 1.4 மில்லிமீற்றர் அகலமும் உள்ள மஞ்சள் உடம்பு. மேலே மெல்லிய வெண்மெழுகு. ஓரத்தைச் சுற்றிக் குட்டையான மெழுகு இழைகள் இருக்கும். எந்த இழையும் உடம்பு நீளத்தின் காற்பங்கைத் தாண்டாது. முட்டைப்பை அடிவயிற்றிலிருந்து பின்பக்கமாக நீண்டு, சிலவேளை உடம்பைப்போல் இரண்டு மடங்குக்கும் போகும்.

இவையெல்லாம் கைவில்லைக்குத் தெரிகிற அடையாளங்கள். இன்னும் உறுதிப்படுத்த எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு சிறு போத்தலில் காயத்துக்குப் போடும் ஸ்பிரிட் எடுத்து நாலைந்து பெண்பூச்சிகளைப் போட்டு வையுங்கள். ஒன்றிரண்டு நாளில் அவை கறுநீலமாக மாறினால், பப்பாசி மாப்பூச்சி அடங்கும் பராகொக்கஸ் சாதியை (பேரினத்தை) சேர்ந்தது என்று நம்பலாம். செவ்வரத்தையின் இளஞ்சிவப்பு மாப்பூச்சி இப்படி நிறம் மாறாது. இந்தச் சோதனைக்கு உயிருள்ள பூச்சியே வேண்டும். காய்ந்த வெற்றுத்தோலைப் போட்டுவிட்டு நிறம் மாறவில்லை என்று முடிவுகட்டுவதுதான் வழக்கமாக நேரும் பிழை.

வகைப்பாட்டுக்கு வருவோம். வருணம், அதாவது குடும்பங்களுக்கு மேலுள்ள பெரும்பிரிவு, ஹெமிப்டெரா. துணைவருணம் ஸ்டேர்னொறிங்கா, நெஞ்சிலிருந்து அலகு புறப்படுவது என்பது அந்தச் சொல்லின் பொருள். அழுக்கணவனும் வெண் ஈயும் இதே கூட்டம்தான். அதற்குள் செதிற்பூச்சிகள் தனிக்கிளை. தென்னோலையின் அடியில் மஞ்சள் வட்டங்களாகப் படரும் கடின ஓட்டுச் செதில் டயஸ்பிடிடே குடும்பம். தேசிக்காய் மரத்தின் கொப்பில் பச்சையாக ஒட்டியிருக்கும் மென்செதில் கொக்சிடே குடும்பம். மாப்பூச்சிகள் சூடொகொக்சிடே குடும்பம். ஓடு இல்லாமல் மாவு மட்டும் பூசிக்கொண்டு, ஓரளவு நடக்கவும் கூடிய செதிற்பூச்சி என்று மாப்பூச்சியை நினைத்துக்கொண்டால் போதும்.

இலங்கைக்கும் செதிற்பூச்சி வகைப்பாட்டுக்கும் பழைய உறவு உண்டு. கோப்பி, தேசிக்காய் எல்லாவற்றிலும் வரும் பச்சைச் செதிலை, கொக்கஸ் விரிடிஸ், 1889 இல் விவரித்தவர் இங்கே பணிபுரிந்த எட்வேர்ட் ஏர்னஸ்ட் கிறீன். இலங்கையின் செதிற்பூச்சிகளை அவர் 1896 முதல் 1922 வரை ஐந்து பாகங்களாக அச்சிட்டார். பப்பாசி மாப்பூச்சி அந்தப் பாகங்களில் இல்லை, ஏனென்றால் அது அன்று இந்தத் தீவிலேயே இல்லை. அதன் தாயகம் மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவும். அங்கே 1955 இலேயே மாதிரிகள் சேர்க்கப்பட்டிருந்தும், வில்லியம்ஸ், கிரனாரா டி வில்லிங்க் என்ற இரு வகைப்பாட்டாளர்கள் 1992 இல் விவரித்தபிறகுதான் அதற்குப் பெயர் கிடைத்தது: பராகொக்கஸ் மார்ஜினாட்டஸ். 'மார்ஜினாட்டஸ்' என்றால் விளிம்புடையது. இந்த இனத்தின் முதுகுப்புறத்தில் விளிம்பு கட்டிய நுண்குழாய்கள் உடம்பின் ஓரத்தை ஒட்டி மட்டுமே இருக்கும். அத்தோடு பின்காலின் கணைப்பகுதியில் ஒளி ஊடுருவும் நுண்துளைகள் இருக்கமாட்டா. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் இனம் உறுதி.

இவற்றைப் பார்க்க நுணுக்குக்காட்டியும் ஒழுங்காகச் செய்த வழுக்கியும் (பூச்சியைப் பதித்த கண்ணாடித்தகடு) வேண்டும். பள்ளிக்கூட ஆய்வுகூடத்திலேயே செய்யக்கூடிய வேலைதான், பொறுமை வேண்டும். முட்டையிடத் தொடங்காத இளம்பெண்ணை எடுங்கள். முட்டை நிறைந்ததை எடுத்தால் உள்ளே இருப்பது முழுவதும் வெளியே வராமல் வழுக்கி அழுக்காகும். அடிவயிற்றில் ஊசியால் சிறு துளை போட்டு, 10 வீத பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் இட்டு, தண்ணீர்த்தொட்டியில் வைத்து மெதுவாகச் சூடாக்கவேண்டும். கொதிக்கவிட்டால் தோல் வெடித்துவிடும். கரைசல் கண்ணிலோ கையிலோ படக்கூடாது. உடம்பு கண்ணாடிபோலத் தெளிந்ததும் தட்டையான கரண்டியால் மெல்ல அமுக்கி உள்ளடக்கத்தை வெளியேற்றி, தண்ணீரில் அலசி, அசிட் பியூக்சின் சாயம் ஏற்றவேண்டும். பிறகு 75, 95, 100 வீத அற்ககோலில் படிப்படியாக ஈரம் போக்கி, கராம்புத் தைலத்தில் தெளியவிட்டு, கனடா பல்சத்தில் பதிக்கவேண்டும். அற்ககோல் படிகளில் அவசரப்பட்டால் எஞ்சிய ஈரம் பல்சத்தோடு சேர்ந்து பால்போல மங்கிவிடும். அப்படி மங்கியதைத் திருத்த முயல்வதைவிட இன்னொரு பூச்சியோடு திரும்பத் தொடங்குவது நல்லது.

இத்தனை நுணுக்கமாக ஒரு காலின் துளையை எண்ணவேண்டுமா என்று தோன்றலாம். ஆபிரிக்காவில் மரவள்ளிக்கு நடந்ததைப் பாருங்கள். 1970களில் அங்கே புகுந்த மரவள்ளி மாப்பூச்சி 1977 இல் பினகொக்கஸ் மனிஹோட்டி என்று விவரிக்கப்பட்டது. அதன் எதிரிகளைத் தேடித் தென்னமெரிக்காவின் வடபகுதிக்குப் போனவர்கள் அதே பூச்சி என்று எண்ணிய ஒன்றைக் கண்டார்கள். அதிலிருந்து எடுத்த ஒட்டுண்ணிக் குளவிகள் (மாப்பூச்சிக்குள் வளர்ந்து அதைத் தின்று கொல்பவை) ஆபிரிக்கப் பூச்சியில் பலிக்கவில்லை. பின்னர்தான் அது வேறு இனம், பினகொக்கஸ் ஹெறெனி, என்று வகைப்பாட்டாளர்கள் பிரித்துக்காட்டினார்கள். உண்மையான பூச்சி 1981 இல் பரகுவேயில் அகப்பட்டது. அங்கிருந்து கொண்டுவந்த அனகைரஸ் லொபெசி என்ற சிறு குளவிதான் ஆபிரிக்காவின் மரவள்ளியைக் காத்தது. பெயரில் விட்ட பிழைக்கு விலையாக ஆண்டுகள் போயின.

நமது பூச்சியில் அந்தப் பிழை நேரவில்லை. 1990களின் நடுப்பகுதியில் கரிபியன் தீவுகளிலும் 1998 இல் புளோரிடாவிலும் பெருகியபோது பெயரும் தாயகமும் தெரிந்திருந்தன. மெக்சிக்கோவில் அது பெருந்தொல்லையாக இல்லாததற்கு அங்குள்ள ஒட்டுண்ணிக் குளவிகளே காரணம் என்று கண்டு, அவற்றை எடுத்துப் புவேர்ட்டோ றிக்கோவில் வளர்த்தார்கள். 2008 இல் இலங்கையிலும் கோயம்புத்தூரிலும் பூச்சி தென்பட்டது. அசெறொபேகஸ் பப்பாயே என்ற குளவி 2009 இல் இலங்கைக்கும் 2010 இல் இந்தியாவுக்கும் கொண்டுவரப்பட்டு விடப்பட்டது. இன்று பப்பாசியில் வெள்ளை ஒரு கோடையில் ஏறி அடுத்த மாதங்களில் தானே இறங்குகிறதென்றால், பெரும்பாலும் அந்தக் குளவியின் வேலைதான்.

இனி வாழ்க்கை வட்டம். முட்டை பசுமை கலந்த மஞ்சள். ஒரு பெண் பஞ்சுப்பையில் சில நூறு முட்டைகளை ஒன்றிரண்டு கிழமைக்குள் இட்டு முடிக்கும். பொரித்து வரும் முதற்பருவ அணங்குதான் (இளம்பூச்சி) நாடோடி. அது ஊர்ந்து குருத்தையும் இலையடி நரம்பையும் தேடிப் போகும். காற்றிலும், எறும்பின் வாயிலும், நம் சட்டையிலும், சந்தைக்குப் போகும் காயிலும், நாற்றுமேடைக் கன்றிலும் ஏறிப் போகும். ஊர்விட்டு ஊர் பரவுவது இந்தப் பருவத்தில்தான். பெண் மூன்று அணங்குப் பருவங்களைக் கடந்து நேரே வளர்ந்த பெண்ணாகும். அதற்குச் சிறகு முளைப்பதே இல்லை, வளர்ந்த பிறகும் அணங்கின் சாயலிலேயே இருக்கும். ஆணின் பாதை வேறு. இரண்டு பருவம் தின்றுவிட்டு, இளஞ்சிவப்பு நிறமேறி, மெழுகு நூலால் சிறு கூடு கட்டி, முன்கூட்டுப்புழு, கூட்டுப்புழு என்று இரண்டு பருவம் அடங்கிக் கிடந்து, ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் நீளத்தில் ஒரு சோடிச் சிறகோடு வெளிவரும். அதற்கு வாயுறுப்பு கிடையாது. சில நாள் உயிரோடு இருந்து, பெண்ணைத் தேடிச் சேர்ந்து, செத்துவிடும்.

மாப்பூச்சிக் குடும்பத்தின் ஆண்களில் இன்னொரு விந்தை உண்டு. ஆணும் பெண்ணும் கருக்கட்டிய முட்டையிலிருந்தே வருகின்றன. ஆனால் ஆணாகப்போகும் கருவில் தகப்பனிடமிருந்து வந்த நிறமூர்த்தங்கள் எல்லாம் தொடக்கத்திலேயே சுருண்டு இறுகிச் செயலிழந்துவிடும். அந்த ஆண் தன் பிள்ளைகளுக்குத் தாய்வழித் தொகுதியை மட்டுமே கொடுக்கும்.

வேகத்தைக் கணக்கிடலாம். ஆய்வுகூட அளவீடுகளின்படி பெண் வளர்வதற்குக் குறைந்தபட்ச வெப்பநிலை 13.9 பாகை செல்சியஸ். அதற்கு மேலுள்ள ஒவ்வொரு பாகையையும் நாள்தோறும் கூட்டிக்கொண்டு போனால் 294 பாகைநாள் சேரும்போது முட்டை வளர்ந்த பெண்ணாகியிருக்கும். யாழ்ப்பாணத்தின் சராசரியாக 28 பாகையை எடுத்தால் நாளுக்கு 14.1. 294 ஐ 14.1 ஆல் பிரித்தால் 21 நாள். சேர்ந்து முட்டையிடத் தொடங்க இன்னும் சில நாள் எடுக்கும். மாதத்துக்கு ஒரு தலைமுறை என்று வைத்துக்கொண்டால், ஒரு பெண்ணின் பெண்குஞ்சுகளில் பத்தே பத்து தப்பினாலும் மூன்று மாதத்தில் ஆயிரம் பெண்கள். தையில் ஒரு இலையடியில் கவனிக்காமல் விட்ட வெள்ளைப்பொட்டு சித்திரையில் மரத்தை மூடுவது இப்படித்தான். தொடர்ச்சியாக 34 பாகையில் வைத்தால் அவை வளர்ந்து முடிப்பதில்லை என்பதும் உண்மை. ஆனால் நமது இரவு அவ்வளவு சூடில்லை, ஆகவே வெயில் கொன்றுவிடும் என்று காத்திருக்கமுடியாது. மழைதான் உதவும். ஐப்பசி கார்த்திகை மழை அணங்குகளைக் கழுவித் தள்ளிவிடுவதால் எண்ணிக்கை விழும்.

ஊசிபோன்ற வாயைச் செடியின் உணவு கடத்தும் இழையமான உரியத்துக்குள் இறக்கிச் சாற்றை உறிஞ்சுவதுதான் பிழைப்பு. உரியச்சாறு சீனித்தண்ணீர், அமினோ அமிலம் மிகக் குறைவு. தேவையான அமினோ அமிலத்துக்காக நிறையக் குடித்து, மிஞ்சிய சீனியைப் பின்னால் கழிக்கிறது. அதுகூடப் போதாமல், உடம்புக்குள் ஒரு பற்றீரியாவையும் அந்தப் பற்றீரியாவுக்குள்ளேயே இன்னொரு பற்றீரியாவையும் வைத்திருக்கிறது. மூன்றும் சேர்ந்துதான் சில அமினோ அமிலங்களைச் செய்து முடிக்கின்றன. கழித்த இனிப்பு இலையில் பிசுபிசுத்து அதில் கரும் பங்கசு படர்வதால் ஒளிச்சேர்க்கை குறைகிறது. உமிழ்நீரின் நச்சால் இலை மஞ்சளித்து நெளிந்து, பிஞ்சு உதிர்கிறது. காயில் பிடித்தால் மெழுகு தடிப்பாக மூடி, கழுவினாலும் சந்தையில் விலை போகாது.

பப்பாசியோடு நின்றுவிடுவதில்லை. மரவள்ளி, செவ்வரத்தை, கத்தரி, வெண்டி, அன்னமுன்னா, மாதுளை, காட்டாமணக்கு என்று நூற்றுக்கு மேற்பட்ட செடிகளில் வாழும். வேலியோரத்துச் செவ்வரத்தையும், வெறுந்தறைகளை மூடிக் கிடக்கும் பார்த்தீனியமும் அதற்குக் கோடைகாலத் தங்குமடம். மரத்தைக் கழுவிவிட்டு வேலியைப் பார்க்காமல் விட்டால் இரண்டு கிழமையில் பழையபடி ஏறியிருக்கும்.

இனி, செய்யவேண்டியது. முதலில் எறும்பை நிறுத்துங்கள். இனிப்புக்காக எறும்பு மாப்பூச்சியைக் காவல் காக்கிறது, குளவியை அண்டவிடாது. அடிமரத்தில் பொலித்தீன் பட்டி ஒன்றை இறுக்கமில்லாமல் சுற்றி அதன் மேல் கிறீஸ் தடவவேண்டும். மரத்தில் நேரே தடவினால் பப்பாசியின் மென்பட்டை வெந்து அழுகும். முண்டுகொடுத்த தடி, வேலியைத் தொடும் இலைக்காம்பு, சுவரில் சாய்ந்த கன்று எல்லாம் எறும்புக்குப் பாலம். ஒரு பாலம் மிஞ்சினாலும் பட்டி வீண். ஒழுங்கைக் கரையில் நிற்கும் மரமென்றால் இலையில் படியும் புழுதியையும் கழுவவேண்டும், புழுதி படிந்த இலையில் குளவியால் ஒழுங்காகத் தேடமுடியாது.

அடுத்து, அடியிலைகளில் கடுமையாகப் பிடித்தவற்றை வெட்டி உரப்பையில் கட்டி வெயிலில் வையுங்கள். வேலிக்கு அப்பால் எறிவது பக்கத்து வளவுக்கு விதைப்பதற்குச் சமம். வெட்டமுன் ஒரு நிமிடம் கைவில்லையால் பாருங்கள். வெண்கூட்டத்துக்கிடையில் ஊதிப் பெருத்த, கபில நிறமான, வறண்ட உடம்புகள் இருக்கின்றனவா? ஓரத்தில் வட்டத்துளை தெரிகிறதா? குளவி உள்ளிருந்து தின்று முடித்த பூச்சியின் கூடு அது. ஐந்து இலைகளில் பார்த்து மூன்றிலாவது அவை இருந்தால் எந்த மருந்தும் வேண்டாம் என்பது என் கணிப்பு. குளவிக்கு முட்டையிலிருந்து வளர இரண்டு மூன்று கிழமை பிடிக்கும், அதுவரை பொறுக்கவேண்டும்.

கொல்லக்கூடாத இன்னும் இரண்டு பேர் உண்டு. மாப்பூச்சியைவிடப் பெரிதாக, நீண்ட வெண்மெழுகுக் குஞ்சங்களோடு சுறுசுறுப்பாக நடப்பது கிறிப்டொலேமஸ் வண்டின் குடம்பி. பூச்சியைப் போலவே இருப்பதால் நசித்துவிடுகிறார்கள். நடக்கும் வேகத்தை வைத்து வேறுபடுத்தலாம். வெண்மாவு பூசிய ஒரு கம்பளிப்புழுவும் கூட்டத்துக்குள் புகுந்து தின்றுகொண்டிருக்கும். அது ஸ்பல்கிஸ் எப்பியஸ் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு. அதன் கூட்டுப்புழுவை மேலிருந்து பார்த்தால் குரங்கின் முகம் அச்சடித்ததுபோல இருக்கும். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

குளவியின் அடையாளம் ஒன்றுமே இல்லாமல் வெள்ளை ஏறிக்கொண்டிருந்தால் சவர்க்காரக் கரைசல். இங்கேதான் யாழ்ப்பாணத்தில் பலருக்குத் தவறுகிறது. நமது கிணற்றுநீர் சுண்ணக்கல்லில் ஊறியது. அதிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து திரைந்து வெண்படிவாகி, வேலை செய்யவேண்டிய பகுதி போய்விடும், தெளிகருவியின் மூக்கும் அடைத்துவிடும். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதையே எடுங்கள். ஒரு லீற்றர் இளஞ்சூட்டு நீருக்கு 10 கிராம் பார் சவர்க்காரத்தைச் சீவிக் கரைத்து ஆறவிட்டு வடிக்கவேண்டும். மழைநீர் இல்லையென்றால் பாத்திரம் கழுவும் திரவம் லீற்றருக்கு 5 மில்லிலீற்றர். அது கடினநீரில் அவ்வளவாகத் திரையாது. அடிக்கமுன் வெறுந்தண்ணீரை விசையாகப் பீச்சி மெழுகைக் கலைப்பது பாதி வேலை. பிறகு பின்னேரம், வெயில் தாழ்ந்ததும், இலையின் அடிப்பக்கம் முழுக்க நனையும்படி அடிக்கவேண்டும். சவர்க்காரம் ஈரமாக இருக்கும்வரைதான் கொல்லும்.

பப்பாசி இலை எண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் கூச்சமானது. முதலில் ஒரு இலையில் அடித்து இரண்டு நாள் பாருங்கள். ஓரம் கருகினால் அளவைப் பாதியாக்குங்கள். வேப்பெண்ணெய் சேர்ப்பதானால் லீற்றருக்கு 5 மில்லிலீற்றருக்கு மேல் வேண்டாம், குருத்தில் படவேண்டாம். ஒருமுறை அடித்ததோடு நிறுத்தினால் பஞ்சுப்பைக்குள் இருந்த முட்டைகள் அடுத்த கிழமை பொரித்துவிடும். ஆகவே 7 நாள் இடைவெளியில் மூன்றுமுறை.

இரசாயன மருந்தை ஏன் கடைசிக்கு வைக்கிறேன் என்றால், மெழுகு மேலே தடுக்கிறது, முட்டைப்பைக்குள் இறங்குவதில்லை, ஆனால் பறந்து திரியும் குளவி முதலில் சாகிறது. எதிரி போனபின் தப்பிய சில நூறு முட்டைகளுக்கு மரம் முழுக்கச் சொந்தம். வேரால் ஏறும் மருந்து பூச்சியைப் பிடிக்கும்தான். ஆனால் பப்பாசி கிழமைக்குக் கிழமை காய் பறிக்கும் மரம், மருந்துக்கும் பறிப்புக்கும் இடையில் விடவேண்டிய நாளை யாரும் விடுவதில்லை. அவசியமென்றால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேட்டு, அவர் சொல்லும் அளவில் மட்டும்.

குளவியை ஒரு வளவிலிருந்து இன்னொரு வளவுக்குக் கொண்டுபோகலாம். கபிலக் கூடுகள் நிறைந்த இலைத்துண்டுகளை அகன்ற வாய்ப் போத்தலில் போட்டு, நெருக்கமாக நெய்த பருத்தித் துணியால் வாயைக் கட்டி நிழலில் வையுங்கள். பெரிய கண்ணுள்ள நுளம்பு வலையால் கட்டினால் குளவியும் அணங்கும் இரண்டுமே வெளியேறிவிடும். உள்ளே ஈரம் வியர்த்தால் பூசணம் பிடிக்கும். அடியில் தாள் விரிக்கவேண்டும். மெல்லிய தேன் தடவிய காகிதத்துண்டு ஒன்று உள்ளே இருக்கட்டும். 1 மில்லிமீற்றருக்கும் குறைவான செம்மஞ்சள் பூச்சிகள் வெளிச்சமுள்ள பக்கம் கூடத் தொடங்கியதும், காலையில் எடுத்துச் சென்று வெள்ளை பிடித்த இலையடியில் வாயைத் திறந்து தட்டிவிடவேண்டும். பழைய இலைகளை அங்கே கொட்டவேண்டாம், அவற்றில் உயிருள்ள அணங்கு இருக்கலாம்.

சந்தேகமான மாதிரியை யாருக்காவது அனுப்புவதானால் இருபது பெண்களையாவது ஸ்பிரிட்டில் போட்டு, எந்தச் செடி, எந்தப் பாகம், எந்த ஊர், எந்தத் திகதி என்று சிறு தாளில் எழுதிப் போத்தலுக்குள்ளேயே இடுங்கள். பென்சிலால் எழுதவேண்டும், பேனை மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.